கடல் இல்லாத மதுரையில் கரைப்பறவை பார்க்க

கரைப்பறவை, அதாவது தண்ணீரோரச் சேற்றில் நடந்து இரை தேடுகிற பறவை, பார்ப்பதென்றால் ராமேஸ்வரத்துக்குப் பஸ் ஏற வேண்டும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மதுரையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் போய்ச் சேரும்போது வெயில் சுள்ளென்று ஏறிவிடும். அப்புறம் ஒரு தை மாதத்தில், சாமநத்தம் கண்மாய்க் கரையில் டீ குடிக்க வண்டியை நிறுத்தியபோது கீழே சேற்றில் கூட்டமாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. எலியோ என்று பார்த்தால் குருவி அளவுப் பறவைகள். அவை கொசு உள்ளான்கள் என்பதும், வட துருவத்தை ஒட்டிய சைபீரியப் பகுதிகளில் முட்டையிட்டுப் பொரித்து இங்கே வந்தவை என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஒன்றின் எடை 20, 30 கிராம்தான் இருக்கும்.

இந்தப் பறவைகளில் பலவற்றுக்கு உப்புத் தண்ணீர்தான் வேண்டும் என்பதில்லை. இரண்டு விரல்கடை ஆழத்தில் தண்ணீரும், அலகு இறங்குகிற மாதிரி சேறும், நாலு பக்கமும் பார்வைக்குத் தடையில்லாத வெட்டவெளியும் இருந்தால் போதும். மூன்றும் நம் கண்மாய்களில் உண்டு. அதனால் மதுரைக்காரர்கள் முதலில் கண்மாயில் பழகிவிட்டுக் கடலுக்குப் போகலாம் என்பது என் கட்சி. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எப்போது போவது

கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிறது என்று கேள்விப்பட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். நிறைந்த கண்மாய் பார்க்க அழகு. நாமக்கோழி நீந்தும், முக்குளிப்பான் முங்கி முங்கி எழும், நீர்க்காகம் இறக்கையைக் காயப்போட்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் கரைப்பறவைக்கு அங்கே கால் வைக்க இடம் இல்லை. அது நீந்துகிற ஜாதி இல்லை, நடக்கிற ஜாதி.

கடற்கரையில் பறவை பார்ப்பவர்கள் கடல் ஏற்றம், வற்றம் எத்தனை மணிக்கு என்று கணக்குப் பார்த்துக் கிளம்புவார்கள். தண்ணீர் உள்வாங்கும்போது ஈரமணல் வெளிப்படும், பறவைகள் மேய வரும். கடலில் அது தினமும் நடக்கிறது. கண்மாயில் வற்றம் வருஷத்துக்கு ஒன்றுதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நிறையும், பொங்கலுக்குப் பிறகு மெல்ல வற்றும். அப்படி வற்றுகிற ஜனவரி, பிப்ரவரி, மார்ச்தான் நமக்குப் பொழுது. வலசைப் பறவைகள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே நாட்டுக்குள் வந்துவிடும் என்றாலும் அவை கண்மாயில் கூட்டமாகக் கண்ணில் படுவது சேறு தெரிந்த பிறகே. ஆயக்கட்டு விவசாயி யாரையாவது தெரிந்தால் ‘மடை திறந்து எத்தனை நாளாச்சு?’ என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு வாரம் ஆகியிருந்தால் கிளம்பலாம்.

மழை பொய்த்த வருஷங்களில் இந்தக் கணக்கு முன்னால் நகரும். டிசம்பரிலேயே சேறு தெரிந்துவிடும். தண்ணீருக்கு நமக்கு வயிறு எரியும். பறவைக்கு விருந்து.

எங்கே நிற்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு இது புரிந்த பிறகுதான் காலைகள் வீணாகாமல் போயின.

நம் பக்கத்து நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக, தென்கிழக்காகச் சரிகிறது. வைகை ஓடும் திசையைப் பார்த்தாலே தெரியும். அதனால் கண்மாயின் கரையைத் தாழ்ந்த பக்கத்தில், அதாவது கிழக்கே அல்லது தென்கிழக்கே போட்டிருப்பார்கள். மடையும் கரையை ஒட்டிய ஆழமும் அந்தப் பக்கம். மேற்கே போகப்போகத் தண்ணீர் ஆழம் குறைந்து, உள்வாயில் கணுக்கால் அளவாகி, புல்லாகி, கடைசியில் வயலாகவோ கருவேலங்காடாகவோ முடியும்.

இதில் நமக்கு இரண்டு லாபம். காலையில் கரைமேல் ஏறி நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவை மேல் வெளிச்சம் விழும். காலின் நிறம், முதுகின் புள்ளி எல்லாம் துலக்கமாகத் தெரியும். அதே இடத்தில் மாலை நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். இரண்டாவது, கண்மாய் வற்ற வற்றத் தண்ணீரின் விளிம்பு உள்வாயிலிருந்து கரையை நோக்கி நகர்ந்து வருகிறது. ஜனவரியில் எட்டாத தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த பறவை, மார்ச்சில் நீங்கள் நிற்கும் கரைக்குக் கீழே வந்து மேயும். நீங்கள் துரத்திப் போக வேண்டியதே இல்லை.

துரத்திப் போன கதை ஒன்று என்னிடம் உண்டு. முதல் வருஷம், கிட்டே போனால்தான் பார்க்க முடியும் என்று உள்ளே இறங்கினேன். மேலே கரம்பை நன்றாக வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது, காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். பத்தாவது எட்டில் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. காலை உருவினேன், செருப்பு வரவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கரையிலிருந்து சத்தம் போட்டார்: “அங்கிட்டு ஏன் தம்பி எறங்குன? வெடிச்சிருந்தா காஞ்சிருச்சுன்னு அர்த்தமா? ஆட்டுத் தடம் இருக்கான்னு பாத்துல்ல கால வைக்கணும்!” அன்றிலிருந்து ஆட்டுக் குளம்புத் தடம் இல்லாத சேற்றில் நான் இறங்குவதில்லை. நீங்களும் அப்படியே.

இடங்களைப் பொறுத்தவரை, நகரத்தின் தென்கிழக்கே சாமநத்தம் பலரும் போகிற இடம். மேற்கே மாடக்குளம் பெரிய கண்மாய், வற்றும்போது நல்ல சேற்றுவெளி கிடைக்கும். வண்டியூர் கண்மாயில் காலை நடைக்குப் போகிறவர்கள் தண்ணீர் குறைந்த நாட்களில் ஓரத்தைக் கவனியுங்கள். உங்கள் ஊர்க் கண்மாய்க்குப் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அடிக்கடி போக முடிகிற ஒரு சின்னக் கண்மாய், வருஷத்துக்கு ஒருமுறை போகிற பெரிய இடத்தைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக்குப் போகலாமா என்று கேட்பார்கள். 1977இல் சரணாலயமான அருமையான இடம். பறவைகள் கலையக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர்க்காரர்கள். ஆனால் அங்கே விசேஷம் மரத்தில் கூடு கட்டுகிற நத்தைகுத்தி நாரையும் கொக்கும்தான். உள்ளான் தேடி அங்கே போனால் ஏமாற்றமாக இருக்கும்.

கண்மாய்க்கும் போக நேரமில்லை என்பவர்களுக்கு வைகையே இருக்கிறது. நகரத்துப் பாலங்களின் மேல் நின்று கீழே பாருங்கள். மணலுக்கு நடுவே ஓடும் கறுப்புத் தண்ணீரில், சிவப்புக் காலோடு நெடுங்கால் உள்ளான்கள் நிற்கும். அவை நிற்பதால் தண்ணீர் சுத்தம் என்று எண்ண வேண்டாம். சாக்கடையில் நெளிகிற புழுவும் பூச்சியும் அவற்றுக்கு இரை, அவ்வளவுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்க வேண்டிய காட்சி.

கையில் என்ன வேண்டும்

பைனாகுலர் இருந்தால் நல்லது. 8×42 என்று போட்டிருப்பது போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்று பொருள். இன்னும் பெரிதாகக் காட்டுவது வேண்டுமென்று கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்கினால் கை நடுங்கும், பறவை ஆடும். இல்லாவிட்டாலும் கவலையில்லை, நெடுங்காலையும் ஆள்காட்டியையும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். தொப்பி, தண்ணீர், சின்ன நோட்டு, பென்சில். போனில் மெர்லின், ஈபேர்ட் என்று இரண்டு செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாவது பெயர் கண்டுபிடிக்க, இரண்டாவது பார்த்ததைப் பதிந்து வைக்க.

எப்படிப் பார்ப்பது: நடையை முதலில்

புதியவர்கள் எல்லோரும் நிறத்தில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். குளிர்காலத்தில் நம் ஊருக்கு வருகிற கரைப்பறவைகள் பெரும்பாலும் சேற்று நிறம்தான். மேலே பழுப்பு, கீழே வெள்ளை. நிறத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் அரை மணி நேரத்தில் வெறுத்துப்போய் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். முதலில் அது நடக்கிற விதத்தைப் பாருங்கள்.

ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்தி, மறுபடி ஓடினால் அது உப்புக்கொத்தி வகை. பிள்ளைகள் ‘சிலை’ விளையாடுகிற மாதிரியே இருக்கும். கண் பெரிது, அலகு குட்டை. கண்ணால் பார்த்து இரை பிடிக்கிற பறவை, அதனால்தான் நின்று பார்க்கிறது.

தலையைக் குனிந்தவாறே நிற்காமல் குத்திக்கொண்டே போனால் அது உள்ளான் வகை. புதுமண்டபத்தில் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடியதைப் பார்த்தவர்கள் அந்த ஊசியை நினைத்துக்கொள்ளுங்கள். அலகு மெலிதாக நீண்டிருக்கும். நுனியில் உணர்ச்சி உண்டு, சேற்றுக்குள் தொட்டே இரையைக் கண்டுபிடித்துவிடும்.

அடுத்து அலகின் நீளம். தலையின் நீளத்தைவிடக் குட்டையா, சமமா, நீளமா? அப்புறம் கால் நிறம். சிவப்பா, மஞ்சளா, பச்சையா, கறுப்பா? கடைசியில்தான் இறகு. இந்த வரிசையை மாற்றாமல் ஒரு மாதம் பழகினால் போதும். காலைப் பற்றி ஒரு சேதி: முட்டி பின்பக்கமாக மடங்குகிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது முட்டி இல்லை, குதிகால். முட்டி மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது.

முதல் வருஷத்துக்கு ஏழு பறவை போதும்

*நெடுங்கால் உள்ளான்.* வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, ஊசி அலகு, கொய்யாப்பழச் சிவப்பில் நீண்ட கால். பறக்கும்போது கால் வாலுக்குப் பின்னால் கயிறு மாதிரி தொங்கிக்கொண்டு போகும். இதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். பவளக்கால் உள்ளான் என்றும் சொல்வார்கள்.

*ஆள்காட்டி.* கிராமத்துக்காரர்களுக்கு அறிமுகமே வேண்டாம். நாம் வருவதை ஊருக்கெல்லாம் கத்திச் சொல்லிவிடும், பெயரே அதனால்தான். சங்கப் பாட்டில் வழிப்போக்கருக்கு ஆள் நடமாட்டத்தை அறிவிக்கிற கணந்துள் இதுதான் என்று சொல்வாரும் உண்டு. கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல் இருந்தால் சிவப்பு மூக்கு ஆள்காட்டி, தண்ணீரை ஒட்டி இருக்கும். மஞ்சள் தோல் தொங்கினால் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி. அது வறண்ட பொட்டல்காரன், கண்மாய்க்கு வெளியே தரிசில் தேடுங்கள்.

*பட்டாணி உப்புக்கொத்தி.* கைக்குள் அடங்குகிற அளவு. கழுத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். அந்த மஞ்சள் வளையம் தெரிந்துவிட்டால் சந்தேகமே இல்லை. ஓடுகிற வேகத்தில் கால் இருப்பதே தெரியாது, உருண்டு போகிற மாதிரி இருக்கும்.

*பொறி உள்ளான்.* முதுகு முழுக்க வெள்ளைப் பொறி தூவியது போல இருக்கும். கண்ணுக்கு மேல் வெளிறிய புருவம், மஞ்சள் சாயல் கால். நாற்று நட்ட வயலில்கூட நிற்கும். மிரண்டு எழுந்தால் ‘சிஃப்-இஃப்-இஃப்’ என்று கீச்சிட்டுக்கொண்டே மேலே போகும், வாலடி வெள்ளை தெரியும்.

*சாதா உள்ளான்.* நின்றாலும் நடந்தாலும் பின்பாகத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும். இதை வாலாட்டிக் குருவியோடு குழப்பிக்கொள்வது எல்லோருக்கும் நடப்பது. வாலாட்டிக்கு வால் நீளம். சாதா உள்ளானுக்கு வால் குட்டை, மார்பின் வெள்ளை இறக்கைக்கு முன்னால் தோளைநோக்கி ஒரு விரல் போல ஏறியிருக்கும். கூட்டம் சேராது. மடைக்கல், கலுங்குச் சுவர், படித்துறை என்று கல்லுள்ள இடத்தில் தனியாக இருக்கும். கிளப்பினால் தண்ணீரைத் தொடுகிற உயரத்தில், இறக்கையை விறைப்பாக அடித்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் உட்காரும்.

*பச்சைக்காலி.* கொஞ்சம் பெரியது, சாம்பல் நிறம், கால் வெளிர்பச்சை, அலகு நுனி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். இதைக் கண்ணைவிடக் காது முதலில் கண்டுபிடிக்கும். ‘ட்யூ-ட்யூ-ட்யூ’ என்று மூன்று சீழ்க்கை, கண்மாயின் அந்தக் கோடியிலிருந்தும் கேட்கும்.

*கொசு உள்ளான்.* ஆரம்பத்தில் சொன்னதுதான். குருவி அளவு, கறுப்புக் கால், எந்நேரமும் பரபரப்பு. காலில் மஞ்சள் சாயல் தெரிந்து ஆளும் நிதானமாக இருந்தால் அது பச்சைக்கால் கொசு உள்ளான். அந்த வித்தியாசத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஏழுக்கு வெளியே ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோரைப் புல்லுக்குள் பதுங்குகிற மயில் உள்ளான். இதில் பெண்ணுக்குத்தான் பகட்டு நிறம். கழுத்து செம்பழுப்பு, கண்ணைச் சுற்றி வெள்ளைப் பட்டை. ஆண் மங்கலாக இருக்கும், அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அதன் வேலை. விடிகாலையில் புல்லோரம் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் வெளியே வரலாம். எனக்கு நாலு வருஷத்தில் இரண்டு தடவை.

பெயர் தெரியாத பறவை வந்தால் உடனே போனை எடுக்காதீர்கள். நோட்டில் முட்டை மாதிரி ஒரு வட்டம் போட்டு, தலை, அலகு, கால் வரைந்து, எங்கே என்ன நிறம் என்று எழுதுங்கள். படம் அசிங்கமாக இருந்தால் என்ன, வரைகிற கட்டாயத்தில்தான் கால் நிறத்தைக் கவனிக்காமல் விட்டது தெரியும், மறுபடி பைனாகுலரைத் தூக்குவீர்கள். ‘உள்ளான், ஏதோ ஒன்று, 12’ என்று எழுதுவது தப்பில்லை. தெரியாததற்குத் தெரிந்த பெயரைப் போடுவதுதான் தப்பு. பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் ஊர் ஊராகக் கணக்கெடுப்பார்கள். அந்த நாட்களில் பழகியவர் ஒருவரோடு சேர்ந்துகொண்டால் ஒரு காலையில் பாதிச் சந்தேகம் தீரும்.

தொந்தரவு செய்யாமல்

பறவை மேய்வதை விட்டுத் தலையை உயர்த்தி நின்றாலே நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று கொள்ளுங்கள். படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவதை நான் மன்னிப்பதில்லை. ஏப்ரலில் திரும்பிப் பறக்கச் சேர்க்கிற கொழுப்பை இந்தச் சேற்றில் குத்திக் குத்தித்தான் அவை சேர்க்கின்றன.

கோடையில் கவனம் தரையில் இருக்கட்டும். ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் கூடு என்று ஒன்று கட்டாது. சரளைத் தரையில் ஒரு சின்னக் குழி, அதில் கல் மாதிரியே புள்ளி போட்ட மூன்று, நான்கு முட்டை. ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது. வந்த வழியே திரும்பிவிடுங்கள். அது எழுந்து நின்ற ஒவ்வொரு நிமிஷமும் முட்டை சித்திரை வெயிலில் வேகும். வெயில் கடுமையான நாளில் அந்தப் பறவை தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருவதைத் தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்க்கலாம்.

கண்மாய்க்கு ஆட்கள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர், காவல் இருப்பவர், வாத்து மேய்ப்பவர். பைனாகுலரோடு ஒருவன் கரையில் நின்றால் ‘அளக்க வந்திருக்கானோ’ என்றுதான் முதலில் நினைப்பார்கள். நாமே போய் “அண்ணே, பறவை பாக்க வந்தேன்” என்று சொல்லி, பைனாகுலரை அவர் கையிலும் கொடுத்துவிட்டால் போச்சு. எந்த மூலையில் எது மேய்கிறது என்று அவருக்குத் தெரியும். யாராவது வலை விரித்து உள்ளான் பிடித்தால் மட்டும் சும்மா வரக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், வனத்துறைக்குச் சொல்லலாம்.

அப்புறம் கடல்

ஏழு பறவையும் பழகிய பிறகு தனுஷ்கோடிக்குப் போய்ப் பாருங்கள். ஜனவரியோ பிப்ரவரியோ, முடிந்தால் முந்தின நாளே ராமேஸ்வரத்தில் தங்கி. கண்மாயில் பார்த்த பச்சைக்காலியும் கொசு உள்ளானும் அங்கேயும் நிற்கும், பழைய சிநேகிதரைப் பார்த்த மாதிரி இருக்கும். புதிதாக, அலை பின்வாங்கும்போது அதன் பின்னாலேயே ஓடி, அலை திரும்பினால் திரும்பி ஓடிவருகிற வெளிறிய உள்ளான் ஒன்று உண்டு. கூழாங்கல்லையும் பாசியையும் அலகால் புரட்டுகிற கல்திருப்பி உள்ளான் உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் பட்டைவால் மூக்கன். இந்த இனத்தில் ஒன்று 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்கும் இறங்காமல் பறந்ததை அதன்மேல் பொருத்திய கருவி காட்டியது.

திரும்பி வந்ததும் உங்கள் கண்மாய்க்கு ஏப்ரல் முதல் வாரம் ஒருமுறை போங்கள். கொசு உள்ளான்களின் கழுத்திலும் முதுகிலும் துரு நிறம் ஏறியிருக்கும். அது கிளம்பப் போகிற உடுப்பு. மாதக் கடைசியில் போனால் சேற்றில் அவற்றின் கால்தடம்கூட இருக்காது, ஆள்காட்டி மட்டும் கத்திக்கொண்டிருக்கும்.